மாவும் நைஸ்தான்!

கேள்வி: "உளுந்து நைஸாக அரைபட்டதா?" என்று கேட்டால், மும்பையிலேயே வளர்ந்த என் மருமகள், "மாவு எப்படி அத்தை நைஸாக இருக்கும்? மனுஷங்கதானே நைஸ்?" என்கிறாள். நான் சொல்வது தப்பா?
- ஒரு வாசகி, செம்பூர்

பதில்: தப்பே இல்லை அம்மா. அந்தச் சொல்லே பல வேஷம் போட்டதுதான். லத்தீனில் 'நெஸ்கியுஸ்' என்றால் அறியாதவன். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது 'நைஸ்' என்றால் அசடு! அப்புறம் நாசூக்கு, நுணுக்கம் என்று மாறி, 18-ஆம் நூற்றாண்டில்தான் 'இனிய' என்ற பொருள் வந்தது. இன்றும் 'நைஸ் டிஸ்டிங்ஷன்' என்றால் நூலிழை வேறுபாடு. உங்கள் மாவு அந்த நுணுக்கத்துக்குப் பக்கத்து வீடு.

மாட்டுங்காவில் எங்கள் வீட்டுக் கிரைண்டர் ஓடும்போது ஒரு சொட்டு மாவை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்துப் பார்ப்பேன். நறநறத்தால் இன்னும் கொஞ்சம் ஓடட்டும், வழுக்கினால் நைஸ். 'நைஸாக நழுவினான்', 'நைஸாகப் பேசிக் காரியம் சாதித்தாள்' என்பதிலும் அதே வழுவழுப்புதான். ஆங்கிலத்தில் இந்தப் பொருள் கிடையாது. இது நாமே வளர்த்தது. எனக்கு அதில் பெருமைதான். அடுத்த முறை மருமகள் விரலில் ஒரு சொட்டு வைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள்.