தங்கம் தோண்டிய ஊருக்கு ஒரு நாள்: வாசகர் கேள்வி, எங்கள் பதில்

கேள்வி: டிசம்பர் பள்ளி விடுமுறைக்கு மெல்பர்ன் போகிறோம். நான், கணவர், எட்டு வயதிலும் பன்னிரண்டு வயதிலும் இரண்டு பிள்ளைகள், அப்புறம் முட்டிவலி உள்ள என் மாமியார். அந்தக் காலத்தில் தங்கம் தோண்டிய சின்ன ஊர் ஒன்றை ஒரு நாளில் பார்த்துவிட்டு வர ஆசை. கணவரோ காலையில் பாலராட், மதியம் மால்டன், சாயங்காலம் பிலிப் தீவில் பென்குவின் என்று திட்டமே போட்டுவிட்டார். முடியுமா?
(ஈசூன் வாசகி)

பதில்: முடியாது. பாலராட் மெல்பர்னுக்கு மேற்கே 110 கிலோமீட்டர், மால்டன் வடமேற்கே சுமார் 140, பிலிப் தீவு நகரத்தைத் தாண்டித் தென்கிழக்கே இன்னொரு 140. சிங்கப்பூரில் துவாஸிலிருந்து சாங்கிவரை போவதையே தூரம் என்று நினைக்கும் நமக்கு இந்தக் கணக்கு கைக்கு வராது. டிசம்பரில் அங்கே சூரியன் மறையவே எட்டரை மணிக்கு மேல் ஆகும், பென்குவின் கரையேறுவது அதற்கும் அப்புறம்தான். நீங்கள் அறைக்குத் திரும்ப நள்ளிரவாகிவிடும், உங்கள் மாமியார் அன்று பார்த்தது கார் சீட்டை மட்டும்தான் என்று ஆகும். பென்குவினுக்கு வேறொரு நாள் ஒதுக்குங்கள்.

இனி பாலராட்டா, மால்டனா என்பது. பிள்ளைகள் பார்த்து ரசிக்க வேண்டியதுதான் முக்கியம் என்றால் பாலராட்டில் இருக்கும் சோவரின் ஹில்லில் குறையே சொல்ல முடியாது. பழைய உடுப்பில் ஆட்கள் நடமாடுவார்கள், கண் முன்னாலேயே தங்கத்தை உருக்கி அச்சில் ஊற்றிக் காட்டுவார்கள், ஓடையில் தட்டு வைத்து மண்ணை அலசலாம். ஆனால் அது 1970ல் திறந்த, பழைய ஊர் மாதிரி கட்டி வைத்த இடம். பாலராட்டும் இப்போது லட்சம் பேருக்கு மேல் வாழும் நகரம். நீங்கள் கேட்டது சின்ன ஊர், அதனால் என் ஓட்டு மால்டனுக்கு.

மெல்பர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் தங்கம் கிடைத்த செய்தி பரவியது 1851ல். மால்டன் பக்கம் 1853ல் கூட்டம் வந்து இறங்கியது. மேல்மண்ணில் கிடைத்தது சீக்கிரமே தீர்ந்துவிட, மிச்சத் தங்கம் பாறைக்குள் ஓடிய வெள்ளைக்கல் வரிகளில் இருந்தது. அதை எடுக்க ஆழச் சுரங்கமும் நீராவி எந்திரமும் கல்லை இடிக்கும் உலக்கை எந்திரங்களும் வேண்டும், அதற்குப் பணமும் கம்பெனியும் வேண்டும். அப்படித்தான் கூடாரம் போட்ட இடத்தில் வங்கி, தபால் நிலையம், ஹோட்டல் எல்லாம் கல்லிலும் செங்கல்லிலும் எழும்பின. தங்கம் குறைந்ததும் ஆட்கள் கிளம்பிவிட்டார்கள். இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட யாரிடமும் காசு இல்லாததால்தான் கடைவீதி அப்படியே நிற்கிறது. 1966ல் ஆஸ்திரேலியாவின் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு, பாதுகாக்க வேண்டிய முதல் ஊர் என்று மால்டனை அறிவித்தது. கடைவீதியில் நடக்கும்போது ஜன்னல்களை மட்டும் பார்க்காமல் தலையைத் தூக்கி மேலே பாருங்கள். தாழ்வாரக் கூரைக்கு மேல் பழைய கடைக்காரர்களின் எழுத்து இன்னும் மங்கலாகத் தெரியும். தாழ்வாரம் இருப்பதால் வெயிலிலும் மாமியார் நிழலிலேயே நடக்கலாம்.

முதலில் கிழமையை முடிவு செய்யுங்கள், மற்றதெல்லாம் அதற்கு அப்புறம். நான் ஞாயிறு என்பேன். காசில்மேன் ஊரிலிருந்து மால்டன் வரை பழைய நீராவி ரயில் ஒன்று ஓடுகிறது, பெரும்பாலும் புதனும் ஞாயிறும்தான். அதே போல கார்மன்ஸ் டனல் என்ற பழைய சுரங்கத்துக்குள் கையில் மெழுகுவத்தியோடு கூட்டிப் போவது பெரும்பாலும் வார இறுதியில்தான். 570 மீட்டர் நீளம், 1880களில் கெட்டிப் பாறையைக் குடைந்தது, இத்தனை உழைப்புக்கும் கிடைத்த தங்கம் சொற்பம். பெரியவளோ பெரியவனோ, பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இது பிடிக்கும். செவ்வாய்க்கிழமை போய் இறங்கினால் ரயிலும் இருக்காது, சுரங்கமும் பூட்டியிருக்கும், கடைகளில் பாதி மூடியிருக்கும், குற்றம் ஊர் மேல் விழும். புறப்படுவதற்கு முந்தின வாரம் இரண்டின் அட்டவணையையும் இணையத்தில் பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள், விடுமுறைக் காலத்தில் மாற்றம் இருக்கும்.

கார் எடுக்காமலும் போகலாம். மெல்பர்னின் சதர்ன் கிராஸ் நிலையத்தில் பெண்டிகோ போகும் வி-லைன் ரயிலில் ஏறினால் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் காசில்மேன், அதே நிலையத்திலேயே நீராவி ரயிலுக்கு மாறலாம். நம் ஈஸி-லிங்க் பயண அட்டை மாதிரி அங்கே மைக்கி அட்டை, அதையே வி-லைனிலும் தட்டலாம். நீராவி ரயிலுக்குத் தனி டிக்கெட். ஆனால் ஒன்று, இப்படிப் போனால் நீராவி ரயில் திரும்பும் நேரத்துக்குள் ஊரைச் சுற்றி முடிக்க வேண்டும், சுரங்கத்துக்கு நேரம் கிடைக்காமல் போகலாம். ஐந்து பேர், அதில் ஒருவருக்கு முட்டிவலி என்றால் கார்தான் வசதி. நம்மைப் போலவே இடதுபக்கம் ஓட்டுவார்கள், சிங்கப்பூர் உரிமமும் செல்லும். மங்கும் வெளிச்சத்தில் கங்காரு சாலைக்குக் குறுக்கே பாயும், அதனால் இருட்டுவதற்கு முன்னமே நெடுஞ்சாலைக்கு வந்துவிடுங்கள்.

காரில் போனால் காசில்மேன் ஓரத்தில் பென்னிவெயிட் ஃபிளாட் என்ற இடத்தில் பத்து நிமிடம் நில்லுங்கள். 1850களில் கூடாரங்களில் இறந்துபோன குழந்தைகளைப் புதைத்த மேடு அது. தங்கம் அலசி அலசிச் சேறான தண்ணீரையே குடித்ததில் வயிற்றுப்போக்கு வந்து போன பிள்ளைகள் நிறைய. கல்லை வட்டமாக அடுக்கி வைத்த சிறு சிறு குழிகள், பலவற்றில் பெயர்கூட இல்லை. சின்னவரை மாமியாரோடு காரில் விடலாம், பெரியவருக்குக் காட்டுங்கள். சீனர் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள்: 1855ல் விக்டோரியா அரசு கப்பலில் வந்திறங்கும் ஒவ்வொரு சீனருக்கும் 10 பவுண்டு வரி போட்டது, அவர்கள் அடுத்த மாநிலமான தென் ஆஸ்திரேலியாவில் ரோப் என்ற துறையில் இறங்கி, சுமையைத் தோளில் போட்டுக்கொண்டு நானூறு கிலோமீட்டருக்கு மேல் நடந்தே தங்க வயலுக்கு வந்தார்கள்.

டிசம்பர் அங்கே கோடை. வெப்பம் முற்றி, நெருப்பு மூட்டத் தடை அறிவித்த நாளில் நீராவி எஞ்சினை ஓட்ட மாட்டார்கள், டீசல் எஞ்சின் வரலாம், ரயிலே ரத்தாகவும் செய்யலாம். முதல்நாள் இரவே பார்த்துக்கொள்ளுங்கள். ஈத்தொல்லையும் உண்டு, தொப்பி அவசியம். சாப்பாட்டுக்குக் கடைகள் இருக்கின்றன, சைவம் என்றால் கட்டுச்சோறுதான் உத்தமம். தேக்காவிலிருந்து புளிக்காய்ச்சல் பாட்டில் எடுத்துப் போனால் விமான நிலையப் படிவத்தில் மறைக்காமல் எழுதுங்கள், எழுதாவிட்டால் அபராதம் பெரியது. இல்லையென்றால் மெல்பர்ன் புறநகரான டாண்டினாங் பக்கம் நம் கடைகளில் எல்லாம் கிடைக்கும்.

கேள்வி: அங்கே நாமே ஆற்றில் தங்கம் தேடலாமா? கிடைத்தால் நமக்கே சொந்தமா?
(தோ பாயோ வாசகர்)

பதில்: சோவரின் ஹில் ஓடையில் கிடைக்கும் துணுக்கு உங்களுக்கே. வெளியே அரசு நிலத்தில் தேட 'மைனர்ஸ் ரைட்' என்ற அனுமதிச்சீட்டு வாங்க வேண்டும், பத்து வருடம் செல்லும். தேசியப் பூங்காக்களில் ஒதுக்கிய இடங்களைத் தவிர தொடக்கூடாது. இப்போது ஆசையைக் கொஞ்சம் கிளறிவிடுகிறேன். 1869ல் மோலியாகுல் என்ற ஊரில் டீசன், ஓட்ஸ் என்ற இரண்டு பேருக்கு மரவேரருகே, மண்ணுக்குச் சற்றே கீழே 70 கிலோவுக்கு மேல் எடையுள்ள தங்கக்கட்டி தட்டுப்பட்டது. வங்கித் தராசில் நிற்காமல், கொல்லன் பட்டறையில் வைத்து உடைத்துத்தான் நிறுத்தார்கள். உங்களுக்குக் கிடைக்கப்போவது ஊசி முனையளவு, அதற்கு முதுகுவலி இலவசம்.

கேள்வி: ஆஸ்திரேலியா எல்லாம் எட்டாது. பக்கத்தில் அப்படி ஊர் எதுவும் இல்லையா?
(உட்லண்ட்ஸ் வாசகர்)

பதில்: மலேசியாவின் பகாங்கில் ராவுப் இருக்கிறது. 1889ல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வில்லியம் பிபி அங்கே தங்கச் சுரங்கக் கம்பெனி தொடங்கினார், புக்கிட் கோமான் பக்கம் ஆழக் குழிகள் இறங்கின. சுரங்கத்துக்கு மின்சாரம் வேண்டும் என்று செம்பாம் ஆற்றில் நீர்மின் நிலையமே கட்டினார்கள்.

உட்லண்ட்ஸிலிருந்து ஒரே நாளில் போய்வரலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், காஸ்வே நெரிசலைச் சேர்க்காமலேயே ஐந்தாறு மணி நேரம் ஓட்டம். கோலாலம்பூரில் உறவினர் வீடு இருந்தால் முதல்நாள் அங்கே தங்கிவிட்டு, காலையில் காராக் நெடுஞ்சாலை வழியாக பெந்தோங் தாண்டிப் போங்கள், இரண்டு மணி நேரத்துக்குள் ராவுப். வேடம் போட்டு வரவேற்க யாரும் இருக்க மாட்டார்கள். பழைய கடைவீடுகள், கோப்பிக்கடை, அவ்வளவுதான். எனக்கு அதுவே பிடித்திருக்கிறது. ராவுப் இப்போது பெயர் வாங்கியிருப்பது முசாங் கிங் டுரியானுக்கு. ஜூன், ஜூலை வாக்கில் போனால் பழமும் கிடைக்கும். அங்கேயே சாப்பிட்டு முடித்துவிடுங்கள், பல ஹோட்டல்களில் டுரியானை உள்ளே கொண்டுபோனால் அபராதம் போடுவார்கள்.