நீக்கச் சொன்ன 6 ஏன் போகவில்லை?

கேள்வி: பைத்தான் நிரல்மொழியில் [4, 6, 7, 8, 9] என்று ஒரு லிஸ்ட் (மதிப்புகளின் பட்டியல்). ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கும் ஃபார் லூப்பில் இரட்டைப்படை எண் வந்தால் ரிமூவ் (நீக்கம்) செய்யச் சொன்னேன். 4, 8 போய்விட்டன, 6 அப்படியே இருக்கிறது. எர்ரரும் வரவில்லை. ஏன்?

பதில்: உங்கள் நிபந்தனை சரிதான். ஃபார் லூப் 0, 1, 2 என்று இண்டெக்ஸை (இட எண்ணை) நகர்த்திக்கொண்டே போய், அந்தந்த இடத்தில் அப்போது இருப்பதை எடுக்கிறது. லிஸ்டின் நடுவே காலி இடம் இருக்காது. ஆகவே 4-ஐ நீக்கியதும் மற்றவை ஓரிடம் முன்னே வந்து [6, 7, 8, 9] ஆகிறது. 6 இப்போது 0-இல் இருக்கிறது. லூப் 1-க்குப் போய்விட்டது, அங்கே இருப்பது 7. அடுத்து 2-இல் உள்ள 8 நீங்குகிறது, 9 அந்த இடத்துக்கு வருகிறது, லூப் முடிகிறது. உண்மையில் 9-ஐயும் லூப் பார்க்கவில்லை. அது ஒற்றைப்படை என்பதால் வெளியே தெரியவில்லை.

[4, 7, 8, 9] என்று கொடுத்துப் பாருங்கள், விடை சரியாகவே வரும்! எர்ரர் தராத இந்த வகைப் பிழையில்தான் அதிகக் கவனம் தேவை. நீக்க வேண்டியவை அடுத்தடுத்து இருக்கும்படி எப்போதும் ஒரு சோதனை வைத்துக்கொள்ளுங்கள்.

லூப் ஓடும்போது அதே லிஸ்டில் கை வைக்காமல், வேண்டிய எண்களை மட்டும் எடுத்துப் புதிய லிஸ்ட் உருவாக்குங்கள். லூப்பையும் நிபந்தனையையும் சதுர அடைப்புக்குள் எழுதிப் புதிய லிஸ்ட் தரும் லிஸ்ட் காம்ப்ரிஹென்ஷனில் இது ஒரே வரிதான். பழைய லிஸ்டையே மாற்றியாக வேண்டுமானால், கடைசி இண்டெக்ஸிலிருந்து 0 வரை பின்னோக்கிப் போய், குறிப்பிட்ட இண்டெக்ஸில் இருப்பதை நீக்கும் டெல் பயன்படுத்துங்கள். அப்போது இடம் மாறுபவை ஏற்கெனவே பார்த்து முடித்தவையாக இருக்கும். ரிமூவ் இதற்கு ஏற்றதல்ல. ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தேடி, அந்த மதிப்பு முதலில் எங்கே இருக்கிறதோ அதைத்தான் நீக்கும்.

கேள்வி: 1 லட்சம் வரிகளைப் படித்து, ஒவ்வொன்றையும் இன்செர்ட் கொண்டு லிஸ்டின் தொடக்கத்தில் சேர்க்கிறேன். போகப்போக மிகவும் மெதுவாகிறது.

பதில்: முன்னே ஒன்றை நுழைத்தால் உள்ளே இருப்பவை எல்லாம் ஓரிடம் பின்னே தள்ளப்பட வேண்டும். 1 லட்சம் முறை செய்தால் மொத்தம் சுமார் 500 கோடி நகர்வுகள். கடைசியில் சேர்க்கும் அப்பெண்ட்டில் இந்தச் சிக்கல் இல்லை. சிபைத்தான் (பெரும்பாலோர் பயன்படுத்தும் பைத்தான்) லிஸ்ட் வளர வளர மொத்தம் 4, 8, 16, 24 இடங்கள் என்று முன்கூட்டியே கூடுதலாக ஒதுக்கி வைத்துக்கொள்வதால், பெரும்பாலான நேரம் கடைசியில் எழுதுவதோடு வேலை முடிந்துவிடும். அப்பெண்ட் செய்துவிட்டு, இறுதியில் ஒரு முறை ரிவர்ஸ் செய்யுங்கள். இரு முனையிலும் அடிக்கடி சேர்ப்பதும் எடுப்பதும் இருந்தால் கலெக்‌ஷன்ஸ் மாட்யூலில் உள்ள டெக் (deque, இரு முனையிலும் வேகமாகச் சேர்க்கவும் எடுக்கவும் முடிகிற வரிசை) நல்லது.

கேள்வி: [[0] * 3] * 3 என்று கட்டம் அமைத்தேன். அதில் ஒரு எண்ணை மாற்றினால் மூன்று வரிசையும் மாறுகிறதே?

பதில்: அங்கே இருப்பது ஒரே வரிசைதான். லிஸ்ட் பொருளை உள்ளே வைப்பதில்லை, அதன் முகவரியை வைக்கிறது. வெளியே உள்ள பெருக்கல் அதே முகவரியை மூன்று முறை எழுதிவிட்டது. காம்ப்ரிஹென்ஷனில் ஒவ்வொரு சுற்றிலும் [0] * 3 புதிதாக உருவாகட்டும். காப்பி மெத்தடும் வெளி லிஸ்டை மட்டுமே நகலெடுக்கும். உள்வரிசைகளும் மூல லிஸ்டிலிருந்து தனியாக வேண்டுமென்றால், உள்ளே இருப்பவற்றையும் நகலெடுக்கும் டீப்காப்பி போடுங்கள்.