எச்-இண்டெக்ஸ் 38 உள்ளவரா, 19 உள்ளவரா?

கேள்வி: மருத்துவ ஆராய்ச்சியில் முனைவர் பட்டத்துக்குச் சேரப் போகிறேன். இரண்டு பேராசிரியர்கள் இடம் தரத் தயாராக இருக்கிறார்கள். ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் கூகுள் ஸ்காலர் தளத்தில் ஒருவருக்கு 210 கட்டுரைகள், எச்-இண்டெக்ஸ் 38. மற்றவருக்கு 45 கட்டுரைகள், எச்-இண்டெக்ஸ் 19. முதலாமவரிடம் சேருவதுதானே சரி?

பதில்: அவசரப்பட வேண்டாம். எச்-இண்டெக்ஸ் 38 என்றால், மற்ற கட்டுரைகளில் தலா 38 முறையாவது மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் அவரிடம் 38 இருக்கின்றன என்று பொருள். அதற்கு மேல் அந்த எண் எதுவும் சொல்வதில்லை. 2005இல் ஜார்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் முன்வைத்த கணக்கு இது. பழைய கட்டுரைகளுக்கு மேற்கோள்கள் சேர்ந்துகொண்டே இருப்பதால், ஓய்வுபெற்று வீட்டில் இருப்பவருக்கும் இது ஏறும். ஆகவே இருவரும் முதல் கட்டுரையை எந்த ஆண்டு வெளியிட்டார்கள் என்று பாருங்கள். 30 ஆண்டுகளில் 38, 9 ஆண்டுகளில் 19 என்று இருந்தால் வேகம் இரண்டாமவருக்குத்தான்.

அப்புறம், பட்டியலை மேற்கோள் எண்ணிக்கைப்படி வரிசைப்படுத்தி, மேலே உள்ள பத்துக் கட்டுரைகளைத் திறந்து பாருங்கள். அரை மணி நேர வேலைதான், ஆனால் விஷயமே அங்கேதான் இருக்கிறது. மருத்துவக் கட்டுரைகளில் வழக்கமாக முதல் பெயர் வேலையைச் செய்தவருடையது. கடைசிப் பெயர் ஆய்வகத்தை நடத்துபவருடையது. நடுவில் வருபவர் புள்ளியியல் பார்த்திருக்கலாம், நோயாளிகளின் மாதிரிகளைக் கொடுத்திருக்கலாம். உலக நோய்ச்சுமை ஆய்வு போன்ற பெருந்திட்டங்களின் கட்டுரைகளில் நூற்றுக்கணக்கான ஆசிரியர்கள் இருப்பார்கள். அதற்கு வரும் ஆயிரக்கணக்கான மேற்கோள்கள் ஒவ்வொருவர் கணக்கிலும் முழுசாக ஏறும், பங்கு பிரிப்பதே இல்லை! முதல் பெயராகவோ கடைசிப் பெயராகவோ வந்தவற்றை மட்டும் தனியே எண்ணிப் பாருங்கள். 210 எவ்வளவு சுருங்குகிறது என்பது அப்போது தெரியும்.

அந்தப் பத்தும் எந்த வகைக் கட்டுரைகள் என்பதையும் கவனியுங்கள். மீளாய்வுக் கட்டுரைகளும் சிகிச்சை வழிகாட்டுதல்களும் புதிதாக எதையும் கண்டுபிடிக்காமலேயே மேற்கோள்களை அள்ளும். செய்முறைக் கட்டுரைகளும் அப்படித்தான்: புரதத்தை அளக்கும் முறை பற்றி லவ்ரி குழு 1951இல் எழுதிய கட்டுரைக்கு மூன்று லட்சத்துக்கும் மேல் மேற்கோள்கள். ஆய்வகங்கள் அந்த முறையைப் பயன்படுத்தின, பெயரைக் குறிப்பிட்டன, அவ்வளவே. மேற்கோள் என்றாலே பாராட்டு என்றும் நினைத்துவிடாதீர்கள். தடுப்பூசியை ஆட்டிசத்தோடு முடிச்சுப் போட்டு 1998இல் லான்செட்டில் வந்த கட்டுரை 2010இல் திரும்பப் பெறப்பட்டது. அதை மறுப்பதற்காகவே மேற்கோள் காட்டியவர்கள் ஏராளம். அந்த இரு பேராசிரியர்களின் பெயரிலும் திரும்பப் பெற்ற கட்டுரை ஏதாவது உண்டா என்று ரிட்ராக்‌ஷன் வாட்ச் தரவுத்தளத்தில் தேடிப் பார்ப்பது நல்லது.

இருவரும் ஒரே துறை இல்லை என்றால் இந்த ஒப்பீடே பொருந்தாது. புற்றுநோய் ஆய்வில் கூட்டம் அதிகம், மேற்கோளும் அதிகம். அரிய நோய் ஒன்றை ஆராய்பவரை மேற்கோள் காட்டவே உலகில் சிலர்தான் இருப்பார்கள். துறை வேறுபாட்டைச் சரிசெய்து தரும் எண்கள் உண்டு. பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தளம் ஒவ்வொரு கட்டுரைக்கும் தரும் எண்களை அமெரிக்க தேசிய நலவாழ்வு நிறுவனங்களின் ஐசைட் தளத்தில் கொடுத்தால் இலவசமாகக் கிடைக்கும்.

இன்னொன்று, ஒருவரை ஸ்கோபஸ் என்ற மேற்கோள் தரவுத்தளத்திலும் மற்றவரை கூகுள் ஸ்காலரிலும் பார்த்து ஒப்பிடாதீர்கள். ஸ்காலர் ஆய்வேடுகள், இதழில் வெளிவருமுன் இணையத்தில் இடப்படும் முன்பதிப்புகள் எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்வதால் எண் பெரிதாகவே தெரியும். வாங், லீ மாதிரி பரவலான பெயர் என்றால் வேறு யாருடைய கட்டுரையோ உள்ளே புகுந்திருக்கவும் கூடும். ஒவ்வொரு ஆய்வாளருக்கும் தனித்தனியே உள்ள, ஆர்கிட் எனப்படும் 16 இலக்க எண்ணைக் கொண்டு சரிபார்க்கலாம்.

மாணவராகச் சேரப்போகும் உங்களுக்கு, நான் இவை எல்லாவற்றையும்விடப் பெரிதாக நினைப்பது வேறு. கடந்த ஐந்து ஆண்டுகளில் அந்தப் பேராசிரியர் கடைசி ஆசிரியராக இருக்கும் கட்டுரைகளில் முதல் பெயர் யாருடையது? மாணவர்களின் பெயர்கள் மாறி மாறி வந்தால் நல்ல அறிகுறி. அப்படி வந்தவர்களில் இரண்டு பேருக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். முதல் கட்டுரை வெளிவர எத்தனை ஆண்டு ஆயிற்று, பெயர் வரிசையை எப்போது, யார் முடிவு செய்தார்கள் என்று கேளுங்கள்.