தோழியின் அம்மாவைப் பாராட்டக் கன்டனீஸ் சொல்

ஹாங்காங் தோழியின் அம்மா நிமிர்ந்து நடக்கும் அழகைச் சொல்ல, ஹாங்காங்கில் பேசும் சீன மொழியான கன்டனீஸில் ‘லெங்’ (அழகு) மட்டும்தான் தெரியும் என்று எழுதியிருந்தீர்கள். அது தப்பில்லை, ஆனால் ருசியான சூப்பையும் ‘லெங் தோங்’ என்பார்கள். அவ்வளவு பொதுவான சொல். ‘ஹோ யாவ் ங்கா’ என்று சொல்லிப் பாருங்கள், நளினம் அதில்தான் இருக்கிறது. நிற்பது, உட்காருவது, நடப்பது எல்லாம் சேர்ந்த தோரணைக்கு ‘யீ தாய்’. ‘யீ தாய் ஹோ ஹோ’ (தோரணை ரொம்ப நன்றாக இருக்கிறது) என்றால் அவருக்கு மனம் குளிர்ந்துவிடும்.

நீங்கள் குறித்து வைத்திருக்கும் ‘திங் திங் யுக் லாப்’ மட்டும் வேண்டாம், அது ஒல்லியாக உயர்ந்து நிற்கும் இளம்பெண்ணுக்கானது.

அப்புறம், ‘கெய் யாவ் கெய் சேங்’ என்பதையும் கற்றுக்கொள்ளுங்கள். கூன் போடும் பிள்ளையிடம் ‘ஒழுங்காக நில்’ என்று பெரியவர்கள் சொல்வது. நிற்பதற்கு மாண்டரினில் ‘ஜான்’, கன்டனீஸில் இந்தக் ‘கெய்’. எனக்கு ரொம்பப் பிடித்த சொல்.