பார்மட் அடிக்காதீர்கள், பெயரை மாற்றுங்கள்

கேள்வி: பத்தமடையில் பாய்க்கடை வைத்திருக்கிறேன். அன்றாடக் கணக்கைப் பென்டிரைவில் எடுத்துவைக்க, உபுண்டு லினக்ஸில் 'டெஸ்ட்' என்ற பெயரில் ஒரு ஸ்கிரிப்ட் (கட்டளைகளை வரிசையாக எழுதிய கோப்பு) எழுதினேன். பெயரை அடித்து என்டர் தட்டினால் ஒன்றும் நடப்பதில்லை, பிழைச்செய்தியும் இல்லை. சர்வீஸ் கடையில் 'லினக்ஸ் கெட்டுப்போச்சு, பார்மட் அடிக்கணும்' என்கிறார்கள். அடிக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம் அண்ணாச்சி. புதிதாகப் போடும் உபுண்டுவிலும் இதே பேஷ் (நீங்கள் அடிக்கும் கட்டளையை வாங்கி ஓட்டும் நிரல்), இதே டெஸ்ட்தான் இருக்கும். காசோடு கணக்கும் சேர்ந்து போய்விடும். விஷயம் தெரியாதவரிடம் இப்படித்தான் பணம் பிடுங்குகிறார்கள்.

டெஸ்ட் என்பது, ஒரு நிபந்தனை மெய்யா பொய்யா என்று பார்க்க பேஷுக்குள்ளேயே இருக்கும் கட்டளை. முற்றத்தில் நின்று "ஏல இசக்கி" என்றால் வீட்டுக்குள் இருக்கும் இசக்கிதான் வருவான். மேலத்தெரு இசக்கி வேண்டுமென்றால் தெருவையும் சொல்ல வேண்டும். ஸ்கிரிப்ட் உள்ள போல்டருக்குப் போய், புள்ளி, சாய்கோடு, பெயர் மூன்றையும் ஒட்டி அடியுங்கள். சாய்கோட்டைப் பார்த்தால் பேஷ் தனக்குள் தேடாது. 'பெர்மிஷன் டினைட்' என்று வந்தால் கோப்பை ஓட்ட அனுமதி தரும் 'சிஎச்மாட் +எக்ஸ்' போட்டு, பக்கத்தில் கோப்பின் பெயரை அடியுங்கள்.

நிலையான வழி, பெயரை மாற்றுவதுதான். 'டைப் -ஏ டெஸ்ட்' என்று ஆங்கில எழுத்தில் அடித்தால், முதல் வரியிலேயே 'ஷெல் பில்டின்', அதாவது பேஷுக்குள்ளேயே இருப்பது, என்று வரும். புதுப் பெயரை அதேபோல் சோதியுங்கள். 'நாட் ஃபவுண்ட்' என்றால் தாராளமாக வைக்கலாம்; ஓட்டும்போது முன்போலவே புள்ளி, சாய்கோட்டோடு அடியுங்கள்.

வெறுமனே கூப்பிட்டால் டெஸ்ட், 'பொய்' என்பதற்கான 1-ஐ உள்ளுக்குள் திருப்பிவிட்டு அடங்கிவிடும். பேஷ் வந்தது 1989-ல். இத்தனை வருஷத்தில் ஒரு வரி எச்சரிக்கை போட்டிருக்கக் கூடாதா? படிக்கிற பிள்ளைகள் எத்தனை பேர் இதில் பொழுதைத் தொலைக்கிறார்கள்!

பாத் வரிசையின் (பேஷ் கட்டளைகளைத் தேடிப் போகும் போல்டர்களின் பட்டியல்) தொடக்கத்தில், நிற்கும் போல்டரைக் குறிக்கும் புள்ளியைச் சேர்க்கச் சொல்வார்கள். கேட்காதீர்கள். பேஷ் பாத்துக்குப் போகும் முன்பே டெஸ்ட் கிடைத்துவிடுவதால் பிரச்சினை தீராது. யாரோ அனுப்பிய ஜிப்பை விரித்து, அந்தப் போல்டரில் நின்று, கோப்புகளைப் பட்டியலிடும் 'எல்எஸ்' அடித்தால், அதே பெயரில் அவர் வைத்த நிரல் ஓடிவிடக்கூடும்.

பேஷுக்குள் இருப்பதே முதலில் கிடைக்கும் என்பதற்கு ஒரு விதிவிலக்கு, பங்ஷன் (நாமே பெயர் வைத்து பேஷுக்குச் சொல்லித்தரும் கட்டளை). அது பில்டினையும் முந்தும். போல்டர் மாற்றும் கட்டளையான 'சிடி' என்ற பெயரில் பங்ஷன் எழுதி, உள்ளே மறுபடி வெறும் 'சிடி' போட்டால், தன்னையே கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கடைசியில் டெர்மினல் (கட்டளை அடிக்கும் ஜன்னல்) விழுந்துவிடும். அங்கே 'பில்டின் சிடி' என்றுதான் எழுத வேண்டும். டெஸ்ட் என்ற பெயரில் பங்ஷன் வைத்தாலோ, அந்த டெர்மினலில் டெஸ்ட்டைத் தேடும் மற்ற வேலைகளும் உங்கள் பாய்க்கணக்கை ஓட்டும். அந்த வழிக்கே போகாதீர்கள்.

பெயரை மாற்றி ஓட்டியதும் பென்டிரைவைத் திறந்து தேதிகளைப் பாருங்கள். ஓடியதாக நினைத்த நாட்களின் கணக்கு அதில் இருக்காது. அவற்றை இன்றே எடுத்துவையுங்கள்.