ஃப்ளூரோஸ்கோப்: பெயர் வந்த வழி

கேள்வி: எக்ஸ்ரே கருவியான ‘ஃப்ளூரோஸ்கோப்’புக்கு அப்பெயர் எவ்வாறு வந்தது?

பதில்: உடலை ஊடுருவி வரும் எக்ஸ் கதிர்களை ஒளிரும் திரையில் விழச்செய்து, உள்ளுறுப்புகளின் அசைவை அந்நேரத்திலேயே காட்டும் கருவி இது. பெயரின் பின்பகுதி, ‘பார்த்தல்’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. முன்பகுதியின் வரலாறே சுவையானது. ‘ஓடுதல்’ என்னும் பொருளுடைய லத்தீன் வினையிலிருந்து, தாதுக்களை உருக்கும்போது அவை எளிதில் இளகி ஓடுவதற்காகச் சேர்க்கப்பட்ட ஃப்ளூர்ஸ்பார் என்ற கனிமம் பெயர்பெற்றது; அக்கனிமம் காட்டிய ஒளிர்வை முன்னிட்டு, 1852இல் இயற்பியலாளர் ஜார்ஜ் ஸ்டோக்ஸ் ‘ஃப்ளூரசன்ஸ்’ என்ற சொல்லை உருவாக்கினார். ஆகவே, கருவியின் பெயர் ஒளிர்வின் வழியாகப் பார்ப்பதையே குறிக்கிறது. எக்ஸ் கதிர் பட்டால் ஒளிரும் கால்சியம் டங்ஸ்டேட் என்ற வேதிப்பொருள் பூசிய திரையுடன் 1896இல் இக்கருவியை மேம்படுத்தியவர் தாமஸ் எடிசன். அச்சோதனைகளில் கதிர்வீச்சுக்கு ஆளாகி, 1904இல் உயிரிழந்த அவருடைய உதவியாளர் கிளாரன்ஸ் டாலியையும் இங்கே அவசியம் குறிப்பிட வேண்டும்.