பங்கிலும் பள்ளியிலும் பிள்ளைகள் பாதுகாப்பு: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களும் சேர்ந்ததுதான் தருமபுரி கத்தோலிக்க மறைமாவட்டம். அதன் பங்குகளிலிருந்து, அதாவது ஒவ்வொரு பங்குத்தந்தையின் பொறுப்பிலும் உள்ள கோயில் சமூகங்களிலிருந்து, வந்த கேள்விகள் இவை. நான் போக்சோ, அதாவது பிள்ளைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான சட்டத்தின் வழக்குகளில் ஆஜராகும் வழக்கறிஞர் என்பதால் என்னிடம் அனுப்பிவிட்டார்கள். பெயர்களையும் ஊர்களையும் எடுத்துவிட்டேன்.

மறைக்கல்வி ஆசிரியை: ஞாயிறு வகுப்பு முடிந்ததும் ஆறாவது படிக்கிற பிள்ளை அழுதுகொண்டே வந்தது. பாடகர் குழுவில் இருக்கும் ஒரு அண்ணன் தொடுகிறாராம். "யார்கிட்டயும் சொல்லாதீங்க மிஸ்" என்கிறது. ஃபாதரிடம் சொன்னால் போதுமா அக்கா?

போதாது. ஃபாதரிடம் தாராளமாகச் சொல்லுங்கள், ஆனால் அதோடு உங்கள் கடமை முடியாது. போக்சோ சட்டம் 2012, பிரிவு 19-ன்படி விஷயம் தெரிந்த எவரும் காவல்துறைக்குத் தகவல் கொடுத்தாக வேண்டும். அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குப் போகலாம், குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழைக்கலாம். சொல்லாமல் விட்டால் பிரிவு 21-ன்படி ஆறு மாதம் வரை சிறை. பள்ளி, நிறுவனத் தலைவர் தன் கீழே வேலை செய்பவர் பற்றித் தெரிந்தும் மறைத்தால் ஒரு வருடம் வரை.

"சொல்ல மாட்டேன்" என்று பிள்ளைக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். "உனக்கு உதவி செய்யக்கூடியவங்ககிட்ட மட்டும் சொல்வேன்" என்று சொல்லுங்கள். எங்கே தொட்டான், எத்தனை தடவை என்று குடைந்து கேட்க வேண்டாம். அன்று இரவே ஒரு தாளில் தேதி, நேரம், பிள்ளை சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதி வையுங்கள். "அண்ணா கதவைச் சாத்திட்டு மடியில உக்கார வச்சாரு" என்று பிள்ளை சொன்னால் அதையே எழுத வேண்டும். "தகாத முறையில் நடந்துகொண்டார்" என்று நல்ல தமிழில் மாற்றிவிட்டால் நீதிமன்றத்தில் அந்தத் தாளுக்கு மதிப்பு குறைந்துவிடும்.

பிள்ளையை ஸ்டேஷனுக்கு இழுத்துக்கொண்டு போகவும் தேவையில்லை. வீட்டிலோ பிள்ளை விரும்புகிற இடத்திலோதான் வாக்குமூலம் வாங்க வேண்டும். முடிந்தவரை சப்-இன்ஸ்பெக்டர் தகுதிக்குக் குறையாத பெண் அதிகாரி, அதுவும் சீருடை இல்லாமல் வர வேண்டும். பெற்றோருக்கு இதைச் சொன்னாலே பாதி பயம் போய்விடும்.

பங்குப் பேரவை உறுப்பினர்: முதலில் நாமே இரண்டு பக்கமும் கூப்பிட்டுப் பேசி, உண்மைதானா என்று பார்த்த பிறகு போலீசுக்குப் போனால் என்ன? கோயில் பேர் கெட்டுவிடுமே.

ஐயா, எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான். நிலத்தகராறுக்குப் பஞ்சாயத்து பேசலாம். இதற்குக் கூடாது. சம்பந்தப்பட்டவரைக் கூப்பிட்ட நிமிடமே அவருக்கு விஷயம் தெரிந்துவிடுகிறது. போனில் இருப்பது அழியும், பிள்ளை வீட்டுக்கு ஆள் போகும், "சின்னப் பிள்ளை, எதிர்காலம் இருக்கு" என்று பெரியவர்கள் சமாதானம் பேசுவார்கள். உண்மையா என்று பார்ப்பது போலீசின் வேலை, அப்புறம் நீதிமன்றத்தின் வேலை.

2024 ஆகஸ்டில் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில், தனியார் பள்ளி ஒன்றில் நடந்த போலி என்சிசி (தேசிய மாணவர் படை) முகாம் நினைவிருக்கிறதா? அங்கே நடந்த பாலியல் கொடுமையை மாணவிகள் பள்ளியில் சொன்னார்கள், பெரிதுபடுத்த வேண்டாம் என்ற பதில்தான் கிடைத்தது. கடைசியில் பயிற்சியாளரோடு பள்ளி நிர்வாகத்தினரும் கைதானார்கள். பேரைக் காப்பாற்ற நினைத்த பள்ளியின் பேர்தான் டிவியில் ஓடியது.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். கல்வி நிறுவனத்திலோ மத நிறுவனத்திலோ நிர்வாகத்தில், பணியில் இருப்பவர் அங்குள்ள பிள்ளையிடம் இந்தக் குற்றம் செய்தால் சட்டம் அதைக் கடுமையான வகையாகப் பார்க்கிறது. ஊடுருவும் வன்கொடுமை என்றால் 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்சமே இருபது ஆண்டு. கோயிலுக்கு மரியாதை கூடுதல், அதனால் பொறுப்பும் கூடுதல்.

அதே பேரவையிலிருந்து இன்னொருவர்: பொய்ப் புகாராக இருந்தால்?

நல்லெண்ணத்தில் தகவல் கொடுத்தவர் மீது வழக்கு வராது, அது பிரிவு 19-லேயே இருக்கிறது. வேண்டுமென்றே பொய் சொல்லும் பெரியவருக்குத் தண்டனை உண்டு. பிள்ளைக்கு இல்லை.

ஓர் இளைஞர்: புகார் ஒரு குருவானவர் மீது என்றால் மறைமாவட்டத் தலைவரான ஆயரிடம் எழுதுவதா, போலீசா?

இரண்டும், தம்பி. போலீஸ் முதலில். திருத்தந்தை பிரான்சிஸ் 2019 மே மாதம் 'வோஸ் எஸ்திஸ் லூக்ஸ் முந்தி' என்ற திருச்சபைச் சட்டத்தைக் கொண்டுவந்தார், 2023-ல் அது நிரந்தரமானது. அதன்படி குருக்களும் துறவிகளும் தங்களுக்குத் தெரியவந்ததைத் திருச்சபை அதிகாரியிடம் தெரிவித்தே ஆக வேண்டும். குருவோ துறவியோ அல்லாத பொதுநிலையினரும் தெரிவிக்கலாம். புகார் கொடுத்தவரை "வெளியே பேசாதே" என்று கட்டுப்படுத்தக் கூடாது. நாட்டுச் சட்டப்படி புகார் செய்யும் கடமையை இது தொடவில்லை என்றும் அதிலேயே தெளிவாக இருக்கிறது. ஆயர் மீதே புகார் என்றால் அது தலைமைப் பேராயர் வழியாகப் போகும். நமக்கு அவர் புதுச்சேரி-கடலூர் பேராயர். எழுதிக் கொடுத்ததற்கு ஒப்புகை வாங்காமல் வந்துவிடாதீர்கள்.

உதவிப் பங்குத்தந்தை: குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தில் ஒரு பிள்ளை சொன்னால்?

ஃபாதர், என்னைவிட உங்களுக்குத்தான் தெரியும். அங்கே கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்ற இரகசியத்துக்குத் திருச்சபைச் சட்டம் 983 எந்த விலக்கும் தரவில்லை. ஆனால் பிள்ளையிடம் "இதில் உன் பாவம் எதுவும் இல்லை" என்று சொல்லலாமே. வெளியே வந்து அம்மாவிடமோ டீச்சரிடமோ, விரும்பினால் உங்களிடமே மறுபடி சொல்லும்படி தைரியம் கொடுக்கலாம். அப்படி வெளியே சொன்னது சாதாரணப் பேச்சு. அதற்குப் பிரிவு 19 பொருந்தும். ஆலோசனைக்கு வந்தவர் பேசியதை எல்லாம் பாவசங்கீர்த்தனக் கணக்கில் சேர்ப்பதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

முதன்முறை நற்கருணை (பூசையில் தரும் அப்பம்) வாங்கும் புதுநன்மைப் பிள்ளைகளுக்குப் பாவசங்கீர்த்தனம் கோயிலுக்குள்ளேயே, எல்லார் கண்ணிலும் படும் இடத்தில், பேச்சு மட்டும் கேட்காத தூரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு தாய்: என் பையன் பூசைக்கு உதவி செய்கிறான். பொறுப்பாளர் ராத்திரி பத்து மணிக்குத் தனியாக வாட்ஸ்அப் அனுப்புகிறார். தப்பாக ஒன்றும் இல்லை, ஜோக்தான். கேட்டால் சங்கடம் ஆகுமோ?

சங்கடம் ஆகட்டும், கேளுங்கள். பெற்றோரும் இருக்கும் குழுவில்தான் செய்தி வர வேண்டும், தனிச் செய்தி கிடையாது என்பது எல்லாருக்கும் பொதுவான விதி. நல்ல மனிதராக இருந்தால் "சரிங்கம்மா" என்று விட்டுவிடுவார். கோபப்பட்டால் பங்குத்தந்தையிடம் எழுத்தில் கொடுங்கள். பூசை உடை மாற்றும் அறையிலும் ஒரே பெரியவரும் ஒரே பையனும் இருக்கிற நிலை வரக் கூடாது, கதவு திறந்திருக்கட்டும்.

விடுதி நடத்தும் அருட்சகோதரி: மலைக்கிராமப் பிள்ளைகள் எங்கள் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறார்கள். என்னென்ன கவனிக்க வேண்டும்?

சிஸ்டர், முதலில் உரிமம். விடுதிகளுக்கான 2014-ஆம் ஆண்டு தமிழ்நாட்டுச் சட்டப்படி ஆட்சியரிடம் வாங்க வேண்டும். அடுத்து, 2020 போக்சோ விதிகளின்படி பிள்ளைகளோடு பழகும் ஒவ்வொரு பணியாளருக்கும் காவல் சரிபார்ப்பு வேண்டும், ஒருமுறை செய்துவிட்டு மறந்துவிடாமல் அவ்வப்போது. சமையல்காரர், வேன் டிரைவர், ஒப்பந்த வாட்ச்மேன் எல்லாரும் இதில் வருவார்கள். "இருபது வருஷமா இருக்கார்" என்பது சரிபார்ப்பு ஆகாது. வெளியிலிருந்து கராத்தே, யோகா, முகாம் என்று வருபவர் யார், யார் அனுப்பியது என்று அந்த அமைப்பின் அலுவலகத்துக்கே போன் போட்டுக் கேளுங்கள். மேலே சொன்ன போலி முகாம் அந்த ஒரு போனிலேயே நின்றிருக்கும்.

அப்புறம், பிள்ளைகள் வீட்டுக்குப் பேசும் போன் வார்டன் மேசையில், அவர் காது கேட்கும் தூரத்தில்தான் பல இடங்களில் இருக்கிறது. அதை நகர்த்துங்கள்.

ஒரு பங்குத்தந்தை: பெண்ணுக்குப் பதினெட்டு ஆக நான்கு மாதம் இருக்கிறது. வீட்டார் கல்யாணத்துக்கு ஓலை வாசிக்கச் சொல்லி, அதாவது கோயிலில் திருமண அறிவிப்பு செய்யச் சொல்லி, நெருக்குகிறார்கள்.

வாசிக்காதீர்கள் ஃபாதர். திருச்சபைச் சட்டத்தில் பெண்ணுக்குப் பதினான்கு என்று இருப்பதைச் சிலர் எடுத்துக் காட்டுவார்கள். ஆனால் நாட்டுச் சட்டத்தில் பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21. குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் 2006-ன்படி நடத்தி வைப்பவருக்கே இரண்டு வருடம் வரை கடுங்காவலும் ஒரு லட்சம் வரை அபராதமும் உண்டு. வயது தெரியாது என்று சொல்லவும் முடியாது, ஞானஸ்நானப் பதிவேடு உங்கள் அலமாரியில்தானே இருக்கிறது. வீட்டார் வேறு இடத்தில் நடத்த ஏற்பாடு செய்வதாகத் தெரிந்தால் 1098-க்கோ மாவட்ட சமூக நல அலுவலருக்கோ சொல்லிவிடுங்கள்.

அன்பியப் பொறுப்பாளர் (அன்பியம் என்பது பங்குக்குள் அக்கம்பக்கத்துக் குடும்பங்களின் சிறு குழு): பெரியவர்களுக்கு இதெல்லாம் பொருந்துமா? தனியாக இருக்கும் ஒரு பாட்டிக்கு நற்கருணை கொண்டுபோகும் ஒருவர்தான் அவருடைய பென்ஷனையும் எடுத்துக் கொடுக்கிறார். ஏடிஎம் கார்டே அவரிடம்தான். வளர்ச்சி குன்றிய இருபத்தைந்து வயதுப் பெண் ஒருத்தியும் எங்கள் தெருவில் இருக்கிறாள்.

இதைக் கேட்டதற்கு நன்றி, இந்தப் பக்கம் யாரும் யோசிப்பதில்லை. போக்சோ பதினெட்டு வயதுக்குள் இருப்பவர்களுக்கு மட்டும்தான். மனவயது குறைவு என்றாலும் உடல் வயதுதான் கணக்கு என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் சொல்லிவிட்டது. அதற்காக அந்தப் பெண்ணுக்குச் சட்டம் இல்லை என்று அர்த்தமில்லை. மாற்றுத்திறன் உள்ள பெண்ணிடம் நடக்கும் வன்புணர்வைப் பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்துக்கு வந்தது) கடுமையான வகையில்தான் வைத்திருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ன் கீழும் கொடுமை பற்றித் தகவல் தரலாம். திருச்சபைச் சட்டமும் நோய், குறைபாடு காரணமாக எதிர்க்க முடியாத பெரியவர்களைத் தனியாகக் குறிப்பிடுகிறது.

பாட்டி விஷயத்தில் அந்த மனிதர் நேர்மையானவராகவே இருக்கலாம். ஆனாலும் நற்கருணையும் ஏடிஎம் கார்டும் ஒரே கையில் இருக்கக் கூடாது. கார்டைப் பாட்டியிடம் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள். பணம் எடுக்க வேண்டுமானால் இருவர் போகட்டும், ஒரு சிறு நோட்டில் தொகை எழுதிப் பாட்டி கையெழுத்தோ கைரேகையோ வைக்கட்டும். வீட்டுக்குப் போகும்போதும் இருவராகப் போவதே நல்லது. பணம் காணாமல் போகிறது, பாட்டி பயப்படுகிறார் என்று தெரிந்தால் முதியோர் உதவி எண் 14567. கவனித்துக்கொள்வேன் என்று சொல்லிப் பாட்டியிடம் எழுதி வாங்கிய சொத்தாக இருந்து கவனிக்காமல் விட்டால், பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கான 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 23-ன்படி கோட்டாட்சியரிடம் மனு கொடுத்து அந்தப் பத்திரத்தையே ரத்து செய்யலாம். பத்திர நகலோடு வரச் சொல்லுங்கள், மனு எழுதித் தருகிறேன்.